முதலில் மாற்ற வேண்டியது ஹெட்டா, கேபினெட்டா?

மஞ்சக்குப்பம் பேஸ் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏழு ஆண்டுகளாக ஒரு மெல்லிசைக் குழுவிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவிலும் பேஸ் கிட்டார் வாசித்து வருகிறேன். என்னிடம் இருப்பது 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுள்ள 100 வாட் காம்போ (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்). தேவாலயத்தில் அதற்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் சென்ற மாதம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மேடை போட்டு வாசித்தபோது, டிரம்மர் கிக்கை (காலால் அடிக்கும் பெரிய டிரம்) அழுத்திய ஒவ்வொரு முறையும் என் நாலாவது தந்தியின் ஒலி காணாமல் போனது. வால்யூமைத் திருப்பத் திருப்பச் சத்தம் கூடவில்லை. ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. 50,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். 500 வாட் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) ஒன்றை வாங்கி, இப்போதுள்ள ஸ்பீக்கரையே அதனுடன் இணைத்துக்கொண்டு, கேபினெட்டை (தனி ஸ்பீக்கர் பெட்டி) அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். மூத்தவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும்.

உப்பளம் நாலுதந்தி எழுதியது:

தம்பி, தயவுசெய்து அந்த வரிசையை மாற்றுங்கள். 100 வாட்டிலிருந்து 500 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 7 டெசிபெல்தான். காதுக்கு இரு மடங்கு சத்தமாகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும். அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். அந்த 7 டெசிபெல்லும் உங்கள் ஸ்பீக்கரிலிருந்து வெளியே வராது என்பதற்கு நீங்கள் எழுதிய படபடப்பே சாட்சி. ஸ்பீக்கரின் முதுகில் அச்சிட்டிருக்கும் வாட், அதன் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எவ்வளவு சூடு தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. நாலாவது தந்தியைத் திறந்து வாசித்தால் எழுவது 41 ஹெர்ட்ஸ். அவ்வளவு தாழ்ந்த ஒலிக்குக் கோன் முன்னும் பின்னும் வெகுதூரம் போய்வர வேண்டும். கம்பிச்சுருள் சூடாவதற்கு வெகு முன்பே அந்த ஓட்டத்துக்கான இடம் தீர்ந்துவிடுகிறது. அதன் மேல் 500 வாட்டை ஏற்றினால் ஒரே கச்சேரியில் கோன் கிழியும்.

கேபினெட்டின் கதை வேறு. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்த சத்தத்தை அதன் விவரத் தாளில் போட்டிருப்பார்கள். அதில் 3 டெசிபெல் கூடுதலாக உள்ள பெட்டியை வாங்கினால், அதே ஆம்ப்பின் வாட்டை இரட்டித்ததற்குச் சமம். 8 ஓம் (ஆம்ப்புக்குக் காட்டும் மின்தடையின் அளவு) கேபினெட் ஒன்றோடு அதே போன்ற இன்னொன்றைச் சேர்த்தால் சுமை 4 ஓமாகக் குறைந்து டிரான்சிஸ்டர் ஆம்ப்பிலிருந்து வரும் வாட்டும் கூடும், காற்றைத் தள்ளும் பரப்பும் இரட்டிக்கும். இரண்டும் சேர்ந்து தாழ்ந்த ஒலியில் 6 டெசிபெல் வரை கிடைக்கும். ஆகவே பணம் முதலில் போக வேண்டிய இடம் கேபினெட்.

பழைய துறைமுகம் எழுதியது:

நாலுதந்தி அண்ணன் சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பில்லை, முடிவில்தான் மறுப்பு. தம்பி முதலில் தன் காம்போவின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கட்டும். அந்த அளவிலான காம்போக்கள் பலவற்றில் வெளி ஸ்பீக்கரின் கேபிளைச் செருகும் துளையே இருப்பதில்லை. உள்ளே இருக்கும் ஸ்பீக்கரே 4 ஓமாக இருந்து, ஆம்ப்பின் தாங்கும் எல்லையும் 4 ஓம் என்றால், அதனுடன் ஒரு 8 ஓம் பெட்டியை இணைத்த மாத்திரத்தில் மொத்தச் சுமை 2.67 ஓமுக்கு இறங்கி, அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போய்விடும். தள்ளுவதற்கு ஹெட் இல்லாமல் கேபினெட்டை மட்டும் வாங்கி வைத்து என்ன பயன்? என் ஆலோசனை, நல்ல நிலையில் உள்ள பழைய டிரான்சிஸ்டர் ஹெட் ஒன்றும் 15 அங்குலப் பெட்டி ஒன்றும் வாங்குவது. தாழ்ந்த ஒலிக்கு 15 அங்குலம்தான் சரி.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இப்போது விற்கும், கிளாஸ் டி எனப்படும் இரண்டு கிலோ எடையுள்ள புதுவகை ஹெட்டுகள் பெரும்பாலும் சிறு விசிறியால் குளிர்பவை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒத்திகை பார்க்கும் நமக்கு அந்த விசிறி காற்றோடு உப்பையும் உள்ளே இழுத்துக் கொடுக்கிறது. என்னுடையதை மூன்றாம் ஆண்டில் திறந்தபோது, எறும்பளவு உதிரிகள் ஒட்டிய பலகையின் ஓரம் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. எங்கள் ஊர் மெக்கானிக் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். அவரே என் இருபது வருடப் பழைய ஹெட்டில் இரண்டு டிரான்சிஸ்டரை மாற்றி அன்று மாலையே கொடுத்தார்.

உப்பளம் நாலுதந்தி எழுதியது:

துளை பற்றிய எச்சரிக்கை சரியானது; அதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். 15 அங்குலம் பற்றிய கருத்தை மட்டும் ஏற்க மாட்டேன். 1969-இல் ஆம்பெக் நிறுவனம் வெளியிட்ட எஸ்விடி என்ற 300 வாட் வால்வு ஹெட்டுக்குத் துணையாக வந்தது, எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்களை அடைத்த மூடிய பெட்டி. அந்த வழியில் வரும் இன்றைய 810 என்ற பெட்டியின் ஒலி, நிறுவனத்தின் விவரத் தாளின்படியே 58 ஹெர்ட்ஸில் 3 டெசிபெல் இறங்கிவிடுகிறது. அப்படியும் உலகின் பெரிய மேடைகளில் பேஸ் என்றால் அந்தப் பெட்டிதான். தந்தியின் அடிப்படை ஒலியைவிட அதற்கு மேலே 82, 123 ஹெர்ட்ஸில் எழும் கிளை ஒலிகளை வைத்தே காது சுரத்தை அடையாளம் காண்கிறது என்பதுதான் காரணம். எவ்வளவு ஆழம் போகும் என்பதைத் தீர்மானிப்பது பெட்டியின் கொள்ளளவும் அதிலுள்ள காற்றுத் துளையின் சுருதியும் ஸ்பீக்கரின் வடிவமைப்பும், அங்குலம் அன்று.

எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த 810 அறுபது கிலோவுக்கு மேல். ஜூன் 21 இசை நாளில் புதுச்சேரித் தெருக்களில் ஒரு மேடையை விட்டு இன்னொரு மேடைக்கு நடந்தே போகும் நமக்கு, ஒரு கையால் தூக்கக்கூடிய எடை குறைந்த நியோடிமியக் காந்த 12 அங்குலப் பெட்டி ஒரு வரம். உப்புக் காற்றுக்கு அஞ்சிக் கிளாஸ் டியை ஒதுக்குவதைவிட, வாசித்து முடித்ததும் உறையிட்டு மூடி, கடற்கரைக் கச்சேரிக்குப் பிறகு தூசு ஊதி வைப்பதே போதும் என்பது என் அனுபவம்.

கலவைப்பெட்டி எழுதியது:

நான் மிக்சரில் உட்காருபவன், வாசிப்பவன் அல்லன். திறந்தவெளிக் கடற்கரையில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். அங்கே பார்வையாளரின் நெஞ்சு வரை பேஸைக் கொண்டுபோவது எங்கள் சப்வூஃபர்களின் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்கள்) வேலை. உங்கள் பெட்டியிடம் அதை எதிர்பார்ப்பது வீண். மேடையில் பேஸ் ஆம்ப் கூடக் கூட அது பாடகரின் மைக்கிற்குள் புகுந்து, நான் முன்னால் எதைத் திருத்தினாலும் குழம்பாகவே கேட்கிறது. கிட்டாரை நேராக மிக்சருடன் இணைக்க ஒரு நல்ல டிஐ பாக்ஸ் வாங்குங்கள்; மீதிப் பணத்தை வங்கியில் வையுங்கள்.

பணமே செலவழிக்காமல் ஒன்று செய்து பாருங்கள். காம்போ தரையில் இருந்தால் அதன் உயர்ந்த ஒலி முழுவதும் உங்கள் முழங்காலுக்குப் போகிறது. காதுக்கு எட்டுவது தாழ்ந்த ஒலி மட்டும். தெளிவு போதாமல் நீங்கள் மேலும் மேலும் திருப்புகிறீர்கள். உள்ளே காலியான பலகை மேடை என்றால் அதுவும் சேர்ந்து முழங்கும். காம்போவை உறுதியான இரும்பு முக்காலியில் இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, சற்றே மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள்.

உப்பளம் நாலுதந்தி எழுதியது:

சப்வூஃபர் உள்ள மேடைகளுக்கு நீங்கள் சொல்வது முழுக்கப் பொருந்தும். ஆனால் எங்கள் கச்சேரிகளில் பாதி கல்யாண மண்டபங்களில்தான். அங்கே பாட்டுக்கென்று வைத்த இரண்டு பெட்டிகளுக்குள் டிஐ வழியாகப் பேஸையும் அனுப்பினால் முதலில் நசுங்குவது பாடகரின் குரல்தான். அந்த இடங்களில் பேஸ் தன் பெட்டியை நம்பியே நிற்க வேண்டியிருக்கிறது.

மஞ்சக்குப்பம் பேஸ் எழுதியது:

நேற்று ஒத்திகையில் காம்போவை முக்காலியில் ஏற்றினோம். வழக்கமாக ஏழில் நிற்கும் வால்யூம் ஐந்தில் நின்றது, கீபோர்டு வாசிக்கும் அக்காவே திரும்பிப் பார்த்தார். பின்புறத்தையும் பார்த்தேன். வெளி ஸ்பீக்கருக்குத் துளை இல்லை, உள்ளே இருப்பது 4 ஓம். ஆகவே ஹெட் மட்டும் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். 12 அங்குல 8 ஓம் கேபினெட் ஒன்றைப் புதிதாகவும், 4 ஓம் வரை தாங்கும் ஹெட் ஒன்றைப் பழையதாகவும் வாங்கி, பின்னால் அதே கேபினெட்டில் இன்னொன்றைச் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். காம்போ தேவாலயத்திலேயே இருக்கட்டும்.

பழைய துறைமுகம் எழுதியது:

நல்லது. ஹெட்டிலிருந்து கேபினெட்டுக்கு ஸ்பீக்கர் கேபிளையே போடுங்கள். கிட்டார் கேபிளின் மெல்லிய கம்பி சூடாகி ஆம்ப்பையும் கொண்டுபோகும். முடிந்தால் இரு பக்கமும் ஸ்பீக்கான் இணைப்பி உள்ளதாகப் பாருங்கள், திருகிப் பூட்டிக்கொள்ளும், இடையில் கழன்று விழாது. பழைய ஹெட்டைப் பார்க்கப் போகும் அன்று சொல்லுங்கள், நானும் மீட்டரோடு வருகிறேன். டிரான்சிஸ்டர் ஹெட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்னும் மாற்றமில்லை.