1941-இல் சிறை சென்ற எங்கள் ஐயாவைப் போர் மறுப்பாளர் எனலாமா?

கானாடுகாத்தான் பேரன்:
வீட்டைப் பழுது பார்த்தபோது இரண்டாம் கட்டு அறையிலிருந்த தகரப் பெட்டியில், எங்கள் ஐயா (தாத்தா) 1941-இல் தனிநபர் சத்தியாக்கிரகம் (ஒருவர் ஒருவராகப் போரை எதிர்த்துப் பேசிச் சிறை செல்லும் காந்தியின் போராட்டம்) செய்து பெல்லாரியின் அலிபுரம் சிறையில் நான்கு மாதம் இருந்ததற்கான விடுதலைச் சான்று கிடைத்தது. லண்டனில் படிக்கும் என் மகள், டாவிஸ்டாக் சதுக்கத்தில் போருக்குப் போக மறுத்தவர்களின் நினைவுக்கல்லைப் பார்த்துவிட்டு, ஐயாவையும் அவர்களோடு சேர்க்கலாமா என்று கேட்கிறாள். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை வாசகர்:
சேர்க்கலாம்; ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லிச் சேர்க்க வேண்டும். இங்கிலாந்தில் 1916-லும் மீண்டும் 1939-லும் கட்டாய ராணுவச் சேவை வந்தது. மனச்சாட்சி இடம் தரவில்லை என்றவர்கள் தீர்ப்பாயத்தின் முன் நின்று அதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அப்படி மறுத்தவர்கள் முதல் உலகப் போரில் ஏறத்தாழ 16,000 பேர், இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 60,000 பேர். முதல் போரின்போது பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களில் 35 பேருக்கு மரண தண்டனை விதித்து, பின்பு பத்தாண்டுக் கடுங்காவலாகக் குறைத்தார்கள். இந்தியர்மீது அத்தகைய கட்டாயம் இல்லை. உங்கள் ஐயாவை யாரும் படைக்கு அழைக்கவில்லை; சத்தியாக்கிரகிகளின் வழக்கப்படி அவரே மாஜிஸ்திரேட்டுக்கு நாளும் இடமும் எழுதி அறிவித்துவிட்டு, ஆளாலோ பணத்தாலோ இந்தப் போருக்கு உதவுவது தவறு என்று தெருவில் நின்று சொல்லியிருப்பார்.

நான் பெரிதாகக் கருதுவது 1940 செப்டம்பரில் காந்தியும் வைசிராய் லின்லித்கோவும் பேசியதைத்தான். போர் மறுப்பாளர் தம் கொள்கையை வெளியில் சொல்லலாம், ஆனால் சிப்பாய்களையும் ஆயுதத் தொழிலாளரையும் விலகச் செய்யும் அளவுக்குப் போகக்கூடாது என்ற இங்கிலாந்து வழக்கத்தையே வைசிராய் எடுத்துக்காட்டினார். படைமுகாம் வாசலில் நின்று யாரையும் தடுக்கும் எண்ணம் தமக்கில்லை, ஆயினும் மக்களிடம் பேசும் உரிமையை விட முடியாது என்பது காந்தியின் நிலை. உடன்பாடு ஏற்படாததால், காந்தி முதல் சத்தியாக்கிரகியாகத் தேர்ந்த வினோபா பாவே அக்டோபர் 17-இல் வார்தா அருகே பவுனாரில் போரை எதிர்த்துப் பேசினார், 21-இல் கைதானார். ஐயா சிறை சென்றதும் அப்படிப்பட்ட பேச்சுக்காகத்தான்.

காரைக்குடி ஆச்சி:
தம்பி சொன்னதை ஏற்கிறேன். எனினும் சத்தியாக்கிரகிகள் எல்லோரும் எல்லாப் போரையும் மறுத்தவர்கள் அல்லர். 1940 ஜூலையில் புனாவில், ராஜாஜியின் முயற்சியால், விடுதலைக்கு உறுதி கிடைத்தால் போரில் ஒத்துழைக்கலாம் என்று காங்கிரஸே தீர்மானித்தது. காந்தியும் 1918-இல் கேடாவில் படைக்கு ஆள் சேர்க்க ஊர் ஊராக நடந்தவர். உங்கள் ஐயா மறுத்தது போரையா, கேளாமல் நம்மை அதில் இழுத்துவிட்ட அரசையா என்பதை அவரோடு வாழ்ந்தவர்களிடந்தான் கேட்க வேண்டும்.

கானாடுகாத்தான் பேரன்:
தொண்ணூறு வயதைத் தாண்டிய பெரிய அத்தையிடம் கேட்டேன், ஆச்சி. யுத்த நிதி வசூலிக்க வந்தவர்களிடம் ஐயா பணம் இல்லை என்று சொல்லவில்லையாம். தர மாட்டேன் என்றாராம். 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த உறவினர்களுக்காக வளவில் மாதக்கணக்கில் பந்தி நடந்திருக்கிறது. அப்போது விடுப்பில் ஊருக்கு வந்திருந்த சிப்பாய் ஒருவரை அந்தப் பந்தியில் உட்காரவைக்க வீட்டார் தயங்கியபோது, “வயிற்றுப்பாட்டுக்குப் போனவன், இலையைப் போடுங்கள்” என்றாராம் ஐயா.