வழுக்கையாற்றின் தடத்தில் வீதி வந்தபோது: உறவுகளின் அனுபவங்கள்

சண்டிலிப்பாயிலிருந்து:

யாழ்ப்பாணக் குடாநாட்டில், தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக மாரி வெள்ளத்தை வாங்கிக்கொண்டு அராலியில் கடல்நீரேரியோடு சேரும் வழுக்கையாறு, ஆண்டின் பெரும்பகுதியில் வறண்டே கிடக்கும். எங்களுக்கு வினையானதும் அந்த வறட்சிதான். புதிய இணைப்பு வீதியை வடிவமைத்தவர்கள் கோடையில் வந்தார்கள். ஆற்றுத் தடத்துக்கும் தரவைக்கும் (வெறும் மேய்ச்சல் வெளிக்கும்) வேறுபாடு தெரியாத அந்த மாதங்களில், காணி சுவீகரிக்க வேண்டிய தேவையில்லாத வெறும் நிலம் என்று கருதி, வீதியின் கோட்டை அந்தத் தடத்தின் மேலேயே கீறிவிட்டார்கள். ஊரில் யாருக்கும் அறிவித்தல் வரவில்லை. வயல் வரம்போரம் வரிசையாக அறையப்பட்டிருந்த, தலையில் சிவப்பு வர்ணம் பூசிய அளவைக் கட்டைகளைக் கண்ட பிறகே விடயம் எங்களுக்குத் தெரியவந்தது.

சனசமூக நிலையத்தில் கூடிய முதற் கூட்டத்திலேயே ஊர் இரண்டுபட்டது. இரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு ஒடுங்கிய ஒழுங்கைகளால் வாகனம் திருப்பி அலைந்தவர்கள் வீதி வேண்டும் என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயமே. அவர்களைப் பகைத்துக்கொண்டு போராடியிருந்தால் எங்கள் முயற்சி அன்றைக்கே முடிந்திருக்கும். “வீதி வேண்டும், ஆற்றுத் தடத்தில் வேண்டாம்” என்ற ஒரு வரியில் எல்லோரையும் இணங்க வைப்பதற்கே பல கூட்டங்கள் தேவைப்பட்டன. அந்த உழைப்பைத்தான் இன்றும் நான் பெரிதாக மதிக்கிறேன்.

சட்டத்தின் பக்கம் போனபோது முதலில் ஏமாற்றமே கிடைத்தது. 1993ஆம் ஆண்டின் வர்த்தமானிக் கட்டளைப்படி, 10 கிலோமீற்றரை விட நீளமான நெடுஞ்சாலைகளே சுற்றாடல் பாதிப்பு மதிப்பீட்டுக்கு உட்படும் கருத்திட்டங்களின் பட்டியலில் இருக்கின்றன. எங்கள் வீதி அதைவிடக் குறுகியது. ஆகவே வேறு இரண்டு வழிகளைப் பிடித்தோம். நெற்காணியை அனுமதியின்றி நிரப்பக்கூடாது என்று சொல்லும் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தைக் காட்டி, விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு ஊடாக ஒரு முறைப்பாடு கொடுத்தோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த வீதிக்குரிய வெள்ள ஓட்டக் கணிப்பின் பிரதியைக் கேட்டு ஒரு விண்ணப்பமும் அனுப்பினோம். அப்படியொரு கணிப்பு கோப்பில் இல்லை என்று எழுத்திலேயே பதில் வந்தது. அதற்குப் பிறகு எங்களை உணர்ச்சிவசப்பட்டவர்கள் என்று யாரும் ஒதுக்கிவிட முடியவில்லை.

கார்த்திகையில் மழை இறங்கியது. முதல் அடைமழையோடு அந்தக் கட்டைகளின் சிவப்புத் தலைகள் மட்டும் தண்ணீருக்கு மேலே நாலு விரல் உயரத்துக்குத் தெரிந்தன. இரண்டொரு நாளில் அவையும் மறைந்துபோயின. காலையும் மாலையும் ஒரே வரம்பில் நின்று படம் எடுத்து வைத்தோம். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது வெள்ளம் ஏறிய மட்டம் பழைய மதகின் சுவரில் பாசிக் கோடாக இன்னும் இருக்கிறது. அதனையும் அளவு நாடா பிடித்துப் படம் எடுத்தோம்.

பிரதேச செயலகக் கூட்டத்தில் ஓர் அலுவலர், “இங்கே ஆறு எங்கே ஓடுகிறது?” என்று கேட்டார். எங்கள் கமக்காரர் அமைப்புத் தலைவர் எழுந்து, படங்களை மேசையில் வைத்து, “ஐயா, இது நீங்கள் அறைந்த கட்டை. இந்தத் தண்ணீர் அராலிக்குப் போக எத்தனை மதகு வைத்திருக்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்டார். வரைபடத்தில் இரண்டு சிறிய குழாய்களே இருந்தன. இளம் பொறியியலாளர் ஒருவர் மறுநாளே வந்து, காற்சட்டையை முழங்காலுக்கு மேலே மடித்துவிட்டு, அந்தத் தடத்தில் எங்களோடு இறங்கி நடந்தார். அவருக்கு நாங்கள் நன்றியுடையவர்கள்.

எங்கள் அச்சம் வெள்ளத்தோடு முடியவில்லை. குடாநாட்டின் கிணறுகளுக்கு மழையைத் தவிர வேறு ஊற்று மூலம் கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் நன்னீர் அடியிலிருக்கும் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. மெதுவாக ஓடிக் குளங்களை நிரப்பி நிலத்துக்குள் இறங்கும் மாரி நீரை வீதி அணையால் மறித்தால், மேற்பக்கத்தில் வயல் அழுகும். கீழ்ப்பக்கத்துக் கிணறுகள் கோடையில் உவர்க்கும். கடைசியில் ஏற்கனவே இருந்த வீதியை அகட்டுவதாகத் திட்டம் மாறியது. அதற்காக மதிலைப் பின்தள்ளிக் கட்டிய குடும்பங்களை ஊர் மறக்கக்கூடாது.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து, சொந்த இடம் மானிப்பாய்:

அண்ணை, நீங்கள் எழுதியதை வாசித்ததும் நான் வாரந்தோறும் நடக்கும் கிளென் கன்யன் நினைவுக்கு வந்தது. நகரின் நடுவே, பாறைச் சரிவுகளுக்கு இடையில் ஐலைஸ் என்ற ஓடை பாயும் பள்ளத்தாக்கு அது. 1960களில் அதற்குள்ளால் பெருவீதி ஒன்றை அமைக்கத் திட்டமிட்டிருந்தார்கள். அதனை முன்னின்று எதிர்த்தவர்கள் அயலில் வாழ்ந்த மூன்று தாய்மார். பொறியியலாளர்கள் அவர்களை ‘யூக்கலிப்டஸ் பெண்கள்’ என்று எள்ளினார்களாம். அவர்களோ அந்தப் பெயரையே பெருமையோடு ஏற்றுக்கொண்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அதற்கு முன்னரே, 1959இல், மக்களின் எதிர்ப்பினால் அந்நகர மேற்பார்வையாளர் சபை பத்து அதிவேகப் பாதைகளில் ஏழினை நிராகரித்திருந்தது. இங்குள்ள முதியவர் ஒருவர், பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கையொப்பம் வாங்கியவர்களைத் தான் கண்டதாக என்னிடம் சொன்னார்.

தொண்டைமானாற்றிலிருந்து:

எங்கள் பக்கத்தில் நீரேரிக் கரையோரம் கண்டல் மரங்களுக்கு ஊடாக ஒரு வீதி வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. இன்னும் கட்டை அறையவில்லை. இப்போதே கடிதம் கொடுக்கலாமா, அல்லது எழுத்தில் அறிவித்தல் வரும்வரை பொறுத்திருக்க வேண்டுமா, அண்ணை?

சண்டிலிப்பாயிலிருந்து:

பொறுத்திருக்க வேண்டாம், தம்பி. முதலில் தகவல் அறியும் உரிமை விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலுள்ள தகவல் அலுவலரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவை அவர் அறிவிக்க வேண்டும். கடற்றொழிலாளர் சங்கத்தையும் கையொப்பமிடச் செய்யுங்கள். இறால் எந்த மாதத்தில் எந்தக் கண்டல் அடியில் ஒதுங்குகிறது என்பதை அவர்களே இடம் காட்டிச் சொல்லக்கூடியவர்கள். நாங்கள் கொடுத்த கடிதத்தின் பிரதியை இன்றிரவு உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன். ஊர்ப் பெயரையும் காணி விபரத்தையும் மாற்றிக்கொண்டால் போதும்.