‘பரந்தன் வீட்டார்’ குழுவில் குமரனின் ஸ்லெட்

வெள்ளிக்கிழமை

குமரன்: ரவி மாமா, தனியாக அனுப்பினேன், நீங்கள் பார்க்கவில்லை, அதனால் இங்கேயே கேட்கிறேன். கல்கரியில் ஒரு கடையில் பழைய ஸ்கீ-டூ சம்மிட் ஒன்று நிற்கிறது. 600 சிசி எஞ்சின், 146 அங்குல ட்ராக். நாலாயிரத்து ஐந்நூறு டொலர் சொல்கிறார். ஞாயிறு பின்னேரம் வரை எனக்காக வைத்திருப்பாராம். மலைக்கென்று நான் வாங்கப்போகும் முதல் வண்டி இதுதான். என் எடை இப்போது 260 இறாத்தல், உயரம் ஆறடி ஒன்று. இது என்னைத் தாங்குமா?

சாந்தி: என்ன வண்டி

நந்தினி: பனியில் ஓடுற மோட்டார் சைக்கிள் மாதிரி அம்மா, ஸ்லெட் என்று சொல்றது. முன்னால் ஸ்கீப் பலகை, பின்னால் சில்லுக்குப் பதில் றப்பர் பட்டி, அதுதான் ட்ராக்

சாந்தி: யாருக்கு

நந்தினி: உங்கட மகனுக்குத்தான்

சாந்தி: குமரன் போன் எடு

பாலா: வாழ்த்துகள் தம்பி! நான் இங்கே ஒன்ராறியோவில் ஹாலிபர்ட்டனில் எட்டு வருடமாக ஓடுகிறேன், என்னுடையது 137 அங்குலம்தான், ஒரு குறையும் இல்லை. ட்ராக் நீளத்தைப் பற்றிக் கவலைப்படாதே. கனமான ஆளுக்கு எஞ்சின்தான் முக்கியம். 600ஐ விடு, டர்போ எடு.

தேவி: இங்கே விடிந்துவிட்டது. இரவு முழுக்க மழை. எல்லோரும் சுகமா

நந்தினி: சுகம் பெரியம்மா. வயல் எப்படி

தேவி: தண்ணீர் நிற்கிறது

ரவி: இப்போதுதான் யார்டிலிருந்து வந்தேன். குமரன், அவசரப்பட்டு முற்பணம் கட்டாதே. சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

சாந்தி: ரவி நீயா இவனுக்கு இதைப் பழக்கினது

ரவி: அக்கா, அவன் போன மாசியில் இங்கே வந்தபோது என்னுடைய வண்டியில் ஒரு நாள் ஓடினான். அவ்வளவுதான்.

சாந்தி: அவ்வளவுதான் என்கிறாய்

ரவி: சரி குமரன், கேள். வண்டி உன்னைத் தாங்கும், அதில் பயமில்லை. பனி தாங்குமா என்று பார்க்கவேண்டும். பரந்தனில் அப்பாவின் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் உனக்கு ஞாபகம் இருக்காது, பாலாவுக்கு இருக்கும். றப்பர் சில்லோடு சேற்று வயலில் இறக்கினால் அச்சு வரை புதையும். இரும்புச் சில்லு பூட்டினால் அதே எஞ்சின், அதே ஆள், மேலே நின்று உழும். இங்கேயும் அதேதான். எங்கள் ரெவல்ஸ்டோக் மலையில் புதுப் பனியில் கால் வைத்தால் இடுப்பு வரை போகும். அதன்மேல் வண்டியை மிதக்க வைப்பது ட்ராக்கின் பரப்பு. கணக்குப் பார். உன் எடை 260, சப்பாத்து, ஹெல்மெட், முதுகுப்பை, சவள் எல்லாம் சேர்ந்து இன்னொரு 40. வண்டி எண்ணெயோடு 520 என்று வை. மொத்தம் 820 இறாத்தல். 170 இறாத்தல் ஆள் அதே சாமான்களோடு ஏறினால் 730. நீ ஏறக்குறைய 12 வீதம் கூட. 146ஐயும் 165ஐயும் ஒப்பிட்டால் நீளம் 13 வீதம் கூட. அதாவது 165 அங்குலத்தில் நீ ஏறினால், அந்த மெல்லிய ஆள் 146இல் மிதக்கிற மாதிரி மிதப்பாய். 146இல் ஏறினால் நாள் முழுக்கக் கிண்டிக்கொண்டு நிற்பாய். கடைக்காரர் இதைச் சொன்னாரா?

குமரன்: இல்லை மாமா. 'நல்ல தொடக்க வண்டி' என்று மட்டும் சொன்னார்.

தேவி: லாண்ட்மாஸ்டர் ஞாபகம் வந்ததா. அதை யார் யாரையும் கேட்காமல் விற்றது என்பதும் ஞாபகம் வரவேண்டும்

நந்தினி: ஐயோ தொடங்கிவிட்டது

ரவி: அக்கா, அதை அப்பா சொல்லித்தான் விற்றேன். காசு உங்கள் கையில்தான் தந்தேன்.

தேவி: பாதி

பாலா: அம்மா, அது முடிந்த கதை. மாமா, 137 எனக்கு நன்றாகத்தானே ஓடுகிறது?

ரவி: ஓடும் பாலா. உங்கள் பக்கம் ரோலர் போட்டு இறுக்கிய பாதை, அதில் மிதக்கத் தேவையில்லை. உன் ட்ராக்கில் பனியைத் தள்ளும் துடுப்பின் உயரம் ஒன்றேகால் அங்குலமா?

பாலா: ஒன்றரை

ரவி: இங்கே இரண்டரை, மூன்று. அதுதான் வித்தியாசம். உன் வண்டி அங்கே சரி, இங்கே கொண்டுவந்தால் தரிப்பிடத்தைத் தாண்டாது. டர்போவைப் பற்றி நீ சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதையும் சொல்கிறேன். மேலே போகப் போகக் காற்று மெலியும், டர்போ அதை அமுக்கிக் கொடுக்கும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் 3 வீதம் வலுவை இழக்கும். நாங்கள் ஓடும் 7000 அடியில் 20 வீதம் போய்விடும். 600இல் 120 குதிரைவலு என்றால் மேலே நூறுக்கும் கீழே. அது 820 இறாத்தலைத் தள்ள வேண்டும். அதனால் 600 வேண்டாம். ஆனால் முதல் வருடம் டர்போவும் வேண்டாம். ஸ்கீ-டூ 850 எஞ்சின் 165 குதிரைவலு, உயரத்தில் இழந்தாலும் 130 மிஞ்சும், அது குமரனுக்குத் தாராளம். பழகாத ஆளுக்கு டர்போ கொடுத்தால், வேகம் கொடுக்கிற பெருவிரல் சற்றுப் பிழைவிட்டாலே வண்டி மரத்துக்குள் நிற்கும். நான் இரண்டு தடவை கயிறு கட்டி இழுத்திருக்கிறேன்.

குமரன்: 165 என்றால் திருப்புவது கஷ்டம் என்று எல்லோரும் சொல்கிறார்களே மாமா. 154 எடுத்தால் என்ன?

ரவி: நல்ல கேள்வி. 154இல் மரங்களுக்கு நடுவே வளைவது லேசு, உண்மைதான். ஆனால் நீ ஆறடி ஒன்று, எடையும் இருக்கிறது. வண்டியைச் சரிக்க மெல்லிய ஆள் முழு உடம்பையும் தொங்கவிடுவான், நீ ஒரு காலை ஊன்றி இடுப்பைச் சாய்த்தாலே சரியும். உன் எடை அந்த இடத்தில் உனக்கு உதவி. அதனால் 165இன் நீளம் உனக்கு அவ்வளவு தெரியாது. 175க்குப் போகாதே, அது நேராக மேலே ஏறுவதற்கு நல்லது, பழகும் காலத்தில் திருப்ப வராது. 165 நீளம், 15 அல்லது 16 அகலம். துடுப்பு மூன்று கிடைத்தால் மூன்று, இல்லாவிட்டால் இரண்டரை.

சாந்தி: மரத்துக்குள் நிற்கும் என்று எழுதியிருக்கிறாய் ரவி

நந்தினி: அம்மா, அது டர்போவுக்கு

சாந்தி: எனக்கு எல்லாம் ஒன்றுதான்

சுதா: எல்லோருக்கும் வணக்கம். பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு வந்தேன். மாமா, வண்டிக்கு முன்னம் பனிச்சரிவுப் பயிற்சி என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நீங்கள் சொன்னால் கேட்பார்.

ரவி: சுதா சொல்வதுதான் முதலில். குமரன், அக்கா, இதை இருவரும் பொறுமையாக வாசியுங்கள். 2008 டிசம்பர் 28 அன்று பேர்னி பக்கத்து மலைக்கு ஸ்பார்வுட் ஊரிலிருந்து 11 பேர் ஸ்லெட்டில் போனார்கள். எல்லோரும் பழக்கமான ஆட்கள். பனிச்சரிவு வந்தது. புதைந்தவர்களைத் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் மேலேயே இரண்டாவது சரிவும் வந்தது. 8 பேர் போய்விட்டார்கள், 3 பேர்தான் திரும்பினார்கள். சின்ன ஊர் அது, நான் வேலைக்காகப் போயிருக்கிறேன். அக்காவைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார், அதற்குப் பிறகு வேகமாகக் குறைந்துகொண்டே போகும். பத்து நிமிடத்தில் ஹெலிகொப்டர் வராது. பக்கத்தில் நிற்பவன்தான் எடுக்கவேண்டும். ஆகவே புதைந்த இடத்தைக் காட்டும் பீக்கன் என்ற சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் புரோப் கம்பி, சவள் மூன்றும் ஒவ்வொருவர் உடம்பிலும். வண்டியில் கட்டிவைத்தால் வண்டியோடு போய்விடும். பயிற்சியின் முதல் நிலை இரண்டு நாள், ஸ்லெட் ஓட்டுபவர்களுக்கென்றே தனியாக வைக்கிறார்கள். பனிச்சரிவு எச்சரிக்கை தரும் அவலாஞ் கனடாவின் அலுவலகமே எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அவர்கள் போடும் அறிக்கையைக் காலையில் வாசிக்காமல் நான் கராஜ் கதவு திறப்பதில்லை.

சாந்தி: போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போ குமரன்

ரவி: மேலே சிக்னல் இல்லை அக்கா. போன் பீக்கனுக்குப் பக்கத்தில் இருந்தால் பீக்கனையும் குழப்பும். 20 சென்ரிமீற்றராவது தள்ளியிருக்க வேண்டும், தேடும்போது 50. நான் சற்றலைற் கருவி கொண்டுபோகிறேன், அதிலிருந்து உங்களுக்குச் செய்தி வரும்.

குமரன்: சரி மாமா. பயிற்சிக்கு டிசம்பரில் பதிகிறேன். சுதா, பதிகிறேன்.

சுதா: பதிந்துவிட்டுச் சொல்லுங்கள்

சனிக்கிழமை

நந்தினி: எல்லோரும் இருக்கும்போதே கேட்கிறேன். அம்மம்மாவின் 80க்கு மண்டபம் பெப்ரவரியில் ஃபமிலி டே வார இறுதிதான் கிடைக்கிறது. திங்கள் விடுமுறை, தூரத்து ஆட்களுக்கும் வசதி. பதியவா?

குமரன்: அந்த வார இறுதிதான் மாமாவோடு போல்டர் மலைக்குப் போக நினைத்தேன்

சாந்தி: அம்மம்மாவை விட மலை பெரிதா

குமரன்: அப்படிச் சொல்லவில்லை அம்மா

தேவி: ரவி வந்தால்தானே. பாலாவின் கலியாணத்துக்கே வராதவர்

ரவி: அக்கா, கல்கரிக்கு வரும் வழியில் ரோஜர்ஸ் கணவாய் மூடியிருந்தது. எத்தனை தடவை சொல்வது.

தேவி: கலியாணத்தன்று மட்டும் மூடுமோ

ரவி: பனி அதிகம் சேர்ந்தால் தானாக விழமுன்னம் அதைச் சுட்டு விழுத்துவார்கள். 1961இலிருந்து கனடிய ராணுவம் பீரங்கி வைத்து அதைச் செய்கிறது. சுட்டு, வழித்து முடிக்கும் வரை ஒரு வாகனமும் விடமாட்டார்கள். நான் கோட் சூட்டோடு ஆறு மணித்தியாலம் வரிசையில் நின்றேன். கல்கரியில் விமானம் போய்விட்டது. பாலாவுக்குத் தெரியும்.

பாலா: தெரியும் மாமா. அம்மாவுக்கும் தெரியும்.

நந்தினி: மண்டபம்???

சாந்தி: பொறு அம்மம்மாவிடம் கேட்கிறேன்

குமரன்: மாமா, கடைக்கு வந்திருக்கிறேன். அவரிடம் ஒரு 850ம் இருக்கிறது, 154 அங்குலம், 2018. போலாரிஸ் ஆர்எம்கே 155 ஒன்றும் நிற்கிறது. ஸ்கீ-டூவா போலாரிஸா?

ரவி: இரண்டும் நல்லது. உன் வீட்டுக்குக் கிட்ட எதற்குச் சாமான் வைத்திருக்கிறார்களோ அதை எடு. யமஹா மட்டும் பார்க்காதே, 2025 மொடலோடு இங்கே நிறுத்திவிட்டார்கள். பழைய வண்டி என்றால் எஞ்சினின் பக்கவாட்டு மூடியைத் திறக்கச் சொல். இரண்டு சிலிண்டரிலும் கொம்பிரெஷன், அதாவது உள்ளே இருக்கும் அழுத்தம், அளந்து காட்டச் சொல், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கவேண்டும். குனிந்து ட்ராக்கைக் கையால் சுற்றிப் பார், துடுப்பு கிழிந்திருக்கிறதா என்று. சீற்றுக்குக் கீழே அலுமினியம் மடிந்து நிமிர்த்திய தழும்பு இருந்தால் வந்துவிடு. கடன் பாக்கி உள்ள வண்டியா என்றும் பார்க்கவேண்டும்.

குமரன்: ஏறி நின்று பார்த்தேன். பின்பக்கம் நன்றாக இறங்குகிறது.

ரவி: அதுதான் நான் எதிர்பார்த்தது. கடையிலிருந்து வரும் ஸ்பிரிங் உன் எடைக்கு வருவதில்லை. பின்பக்கம் இறங்கினால் முன்னால் ஸ்கீ தூக்கும், திருப்பினால் திரும்பாது, ஏற்றத்தில் பின் துடுப்பு கீழே குழி தோண்டும். அளவு டேப் இருக்கிறதா? வண்டியின் பின் பம்பரைப் பிடித்து முழுதாகத் தூக்கு, பிறகு மெதுவாக விடு. தரையிலிருந்து பம்பர் வரை அள. பிறகு முழு உடுப்பும் பையும் போட்டுக்கொண்டு ஓடுகிற மாதிரி நடுவில் ஏறி நில். வேறொருவர் திரும்ப அளக்கட்டும். வித்தியாசத்தைக் கையேட்டில் உள்ளதோடு பார். கூட இறங்கினால் ஸ்பிரிங்கை இறுக்கலாம். கடைசி வரை இறுக்கியும் இறங்கினால் கனத்த ஸ்பிரிங்தான். அதை விலையோடு சேர்த்துப் பேசு, பூட்டித் தந்தால்தான் வாங்குவேன் என்று சொல். வெட்கப்பட ஒன்றும் இல்லை. என் கூட்டத்தில் 280 இறாத்தல் ஆள் ஒருவர் இருக்கிறார், ஸ்பிரிங் மாற்றிய பிறகு அவர் போகிற இடத்துக்கு நான் பின்னால்தான் போகிறேன்.

குமரன்: இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை மாமா. எடையைச் சொன்னாலே கடைக்காரர்கள் வேறு பக்கம் பார்க்கிறார்கள்.

சுதா: நான் அளக்க வரவா? பிள்ளை எழும்பிவிட்டான், கூட்டிக்கொண்டு வருகிறேன்

நந்தினி: அம்மம்மா குரல் பதிவு அனுப்பியிருக்கிறா, கேளுங்கள்

பாலா: சத்தமே வரவில்லை, பக்கத்தில் தொலைக்காட்சி

நந்தினி: நான் சொல்கிறேன். மலைக்குப் போகும்போது ரவி கூடவே இருப்பானா என்று கேட்கிறா. இருந்தால் தனக்குப் பயமில்லையாம். பிறகு பிறந்தநாளுக்கு மண்டபம் வேண்டாம், வீட்டிலே பொங்கினால் போதும் என்கிறா.

சாந்தி: நூறு பேரை வீட்டில் எங்கே வைப்பது

தேவி: அம்மா சொன்னால் சொன்னதுதான்

ரவி: அம்மாவிடம் சொல்லு, அவன் என் கண்ணுக்குள்ளேயே இருப்பான்.

குமரன்: அளந்தாயிற்று. படம் அனுப்புகிறேன். இறுக்கியும் இறங்குகிறது. கனத்த ஸ்பிரிங் வரவழைக்க இரண்டு கிழமையாம். ஆனால் 154தான், 165 இல்லை.

ரவி: அப்போ பொறு. யார்டில் என்னோடு வேலை செய்பவர் தன் 850, 165 அங்குலம், மூன்று அங்குலத் துடுப்பு வண்டியை மாற்றப்போவதாகச் சொன்னார். விலை கூடத்தான், ஒன்பதாயிரம் கேட்பார். அவரும் பெரிய ஆள், ஸ்பிரிங் ஏற்கனவே மாற்றியது. திங்கள் கேட்டுச் சொல்கிறேன்.

சுதா: ஒன்பதா

குமரன்: கடைக்காரர் ஞாயிறு வரைதான் என்கிறார்

ரவி: நவம்பரில் பழைய ஸ்லெட்டுக்குக் குறைவில்லை. போனால் போகட்டும்.

பாலா: மாமா, நானும் ஒரு தடவை அங்கே வரலாமா? வண்டி வாடகைக்குக் கிடைக்குமா?

ரவி: வா பாலா. பயிற்சி எடுத்துவிட்டு வா.

தேவி: பாலா நீ போகவேண்டாம்

நந்தினி: மண்டபத்துக்கு இன்றைக்குள் பதில் சொல்லவேண்டும். ஆமா இல்லையா

சாந்தி: முற்பணம் மட்டும் கட்டு. அம்மாவிடம் நான் பேசுகிறேன்

குமரன்: மாமா, அப்போ மலை அதற்கு அடுத்த வாரம் வைப்போமா?

ரவி: பனியைப் பார்த்துச் சொல்வோம். கல்கரியிலிருந்து வரும்போது குளிர்கால ரயர் போட்டுக்கொண்டு வா, பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப் பாதைக்குக் கட்டாயம்.

சாந்தி: ரவி, 80க்கு ரிக்கெற் எடுத்துவிட்டாயா

ரவி: எடுக்கிறேன் அக்கா. இந்தமுறை மூன்று நாள் முன்னமே கல்கரிக்கு வந்து குமரன் வீட்டில் நிற்கிறேன்.

தேவி: பார்ப்போம்