லிண்டல் மட்டத்தில் நின்றுபோகும் வீடுகள்

சேமிப்புக் குழு வழியாக வீடு கட்டியவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தவள் நான். வீட்டு மானியம், கடன் என்று பேச்சு எடுத்தாலே "எவ்வளவு கிடைக்கும்?" என்றுதான் கேட்பார்கள். எப்போது கிடைக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. நான் பார்த்த வரையில் பாதியில் நின்ற வீடுகளை நிறுத்தியது அந்த 'எப்போது'தான்.

அஸ்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் குறுக்குவிட்டம்) வந்தால் ஒன்று, தளம் போட்டால் இன்னொன்று. முடித்துக் காட்டினால் பணம் வரும். முடிப்பதற்கான பணத்துக்கு எங்கே போவது? வீட்டுவேலைக்குப் போகும் ஒரு அக்கா தோட்டை அடகு வைத்து லிண்டல் வரை எழுப்பிவிட்டார். பார்வையிட வேண்டியவர் வரவே இல்லை. மேஸ்திரி எத்தனை நாள் காத்திருப்பார், ஆட்களோடு வேறு வேலைக்குப் போய்விட்டார். வாங்கி அடுக்கிய சிமெண்ட் ஈரம் பட்டு மூட்டையோடு இறுகியது. தவணை வந்தபோது கம்பி விலை ஏறியிருந்தது. "காசு வருது கண்ணு, வேளைக்குத்தான் வரமாட்டேங்குது" என்றார். அடகுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகுதான் குழுவின் சேமிப்பிலிருந்து சுழல்நிதி ஒன்றை ஒதுக்கினோம். தளம் போடப்போகிறவருக்கு முன்பணம். தவணை வந்ததும் அப்படியே நிதிக்குத் திரும்ப வேண்டும். வராவிட்டால் குழு முழுவதும் பொறுப்பு. தாய்லாந்தில் 2003-ல் தொடங்கிய பான் மங்கோங் என்ற குடிசைப்பகுதி வீட்டுத் திட்டமும் தனித்தனி ஆளுக்குக் கடன் தராமல் குடியிருப்பின் கூட்டுறவுக்கே தருகிறது. வருமானச் சான்று காட்ட முடியாதவர்களுக்கு வேறு எந்தக் கதவும் சுலபமாகத் திறப்பதில்லை என்பதால் எனக்கு அந்த வழியில் நம்பிக்கை அதிகம்.

கடன் பிரிவில் வேலை பார்த்த ஒருவர்:

அக்கா சொல்வது சரி. எங்கள் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். தவணையை ஒழுங்காகக் கட்டிவந்த ஒரு பெண்ணைக் கணவர் விட்டுப் போனார். நிலம் மாமனார் பெயரில். கட்டிய சுவர், அடைத்த கடன் எல்லாம் அவளுடையது, பத்திரத்தில் மட்டும் அவள் இல்லை. ஏழைகளுக்குச் சிறுகடன் தரும் வங்கதேசத்தின் கிராமீன் வங்கி 1980-களில் வீட்டுக்கடன் கொடுக்கத் தொடங்கியபோது நிலம் கடன் வாங்கும் பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. அந்த ஒரு வரி எங்கள் விண்ணப்பப் படிவத்திலும் இருந்திருந்தால் அவள் தெருவுக்கு வந்திருக்கமாட்டாள். முதல் கையெழுத்துக்கு முன்னாலேயே பத்திரத்தைப் பாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கட்டடப் பொறியாளர் ஒருவர்:

பணம் குறைவாக இருந்தால் வீட்டைச் சின்னதாக்கச் சொல்வார்கள். சிலியின் இக்கிகே நகரில் 2004-ல் கட்டடக் கலைஞர் அலெஹாந்திரோ அரவேனா குழுவினர் வேறு மாதிரி யோசித்தார்கள். ஒரு குடும்பத்துக்கு 7,500 டாலர் மானியம், நிலவிலையும் அதற்குள். நல்ல வீட்டின் பாதியைக் கட்டினார்கள்: குடும்பத்தால் தானாகச் செய்துகொள்ள முடியாத தாங்குசுவர், மாடிப்படி, சமையலறை, குளியலறை. மீதிப் பாதிக்கு இடம் விட்டார்கள், மக்கள் கையில் காசு புரளும்போது கட்டிக்கொண்டார்கள். எங்கள் வேலைத்தளத்திலும் மேல்மாடிக்கு அஸ்திவாரத்திலேயே பலம் கொடுத்து, தூண் கம்பியை நீட்டி விடச் சொல்கிறேன். துருப்பிடிக்காமலிருக்க சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) பூசி, சிமெண்ட் குறைவாகக் கலந்த மெலிந்த கான்கிரீட்டால் மூடிவிட வேண்டும். இதைச் சொல்லாமல் போகிற பொறியாளர்கள் உண்டு, பிறகு அந்தக் கம்பி எதற்கும் உதவாது.

சுழல்நிதியில் யாருக்கு முதலில் என்று எப்படி முடிவு செய்தீர்கள், அக்கா?

மீண்டும் நான்:

அதில்தான் சண்டையே வந்தது, தம்பி. சீட்டுக் குலுக்கலாம் என்றார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. வாடகை கொடுத்துக்கொண்டே கட்டுகிறவர்களுக்கு முதல் முறை, தார்ப்பாய்க்குக் கீழே கைக்குழந்தையோடு இருப்பவர்களுக்கு அவர்களுக்கும் முன்னால். யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதைக் குழுப் பெண்களே நேரில் போய்ப் பார்த்து நோட்டில் எழுதினார்கள். ஒரு நேரத்தில் இரண்டு வீட்டுக்கு மேல் தளம் போடுவதில்லை. நிதி அதற்குமேல் தாங்காது, தளம் இறுகும் வரை தாங்கிநிற்கும் சென்ட்ரிங் பலகையும் போதாது.