குமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வரும் அனந்தனார் சானலில், கடைவரம்பில் (கடைசி முனையில்) தண்ணீர் இல்லை. யாரிடம் போய்க் கேட்பது?

கடைவரம்பு:
அனந்தனார் சானல் முடிகிற பக்கம் எங்களுக்கு 80 சென்ட் வயல். அப்பா காலத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போக நெல்லும் தவறாது. நான் கும்பப்பூ மட்டும்தான் வைக்கிறேன், போன தடவை அதுவும் போச்சு. தலைமடையில் எல்லாரும் நட்டு முடித்த பிறகு எங்கள் பக்கம் தண்ணீர் எட்டிப் பார்க்க ஒன்றரை மாதம் ஆனது. பிந்தி நட்ட பயிர் பால் பிடிக்கிற சமயத்தில் பிப்ரவரி 28 வந்துவிட்டது, அணையை அடைத்துவிட்டார்கள். வரப்பில் நின்று ஒரு கதிரை உருவி நசுக்கிப் பார்த்தேன். பால் இல்லை, பச்சை உமிதான் நகத்தில் ஒட்டியது.

நாகர்கோவிலில் இருக்கிற மைத்துனர், "இன்னும் ஏன் மாமா சேற்றில் கிடக்கிறீங்க, பிளாட் போட்டுக் கொடுத்துருங்க, டவுனுக்கே குடிக்கத் தண்ணி காணாது" என்கிறார். டவுனுக்கும் எடுக்கிறார்கள், பக்கத்து நெல்லை மாவட்டத்து ராதாபுரத்துக்கும் போகிறது, மேலே கரண்டும் எடுக்கிறார்கள். இதில் என் பங்கு எது? அடுத்த மாதம் பாசன சபைக் கூட்டம் இருக்கிறது, வெறுங்கையோடு போய்க் கத்திவிட்டு வர மனசில்லை.

கோதையாறு குவார்ட்டர்ஸ்:
கரண்டை மட்டும் இந்த வழக்கிலிருந்து விட்டுவிடுங்கள் அண்ணே. அப்பா பவர் ஹவுஸில் இருந்தார், நான் வளர்ந்ததே அங்கேதான். மேலே 60 மெகாவாட் பவர் ஹவுஸ், அதிலிருந்து வருகிற தண்ணீர் கீழே 40 மெகாவாட் பவர் ஹவுஸைச் சுற்றிவிட்டுப் பேச்சிப்பாறைக்குத்தான் வரும், ஒரு சொட்டும் குறையாது. மாறுவது நேரம்தான், சாயங்காலம் கரண்டு தேவை கூடும்போது அதிகமாக விடுவார்கள், மற்ற நேரம் குறைப்பார்கள். பேச்சிப்பாறை நடுவில் நின்று அதை வாங்கிக்கொள்வதால் சானலில் அந்த ஏற்ற இறக்கம் தெரியாது.

ஒன்றில் மட்டும் கண் வையுங்கள். பகலில் சோலார் கரண்டை வைத்துத் தண்ணீரை மேலே ஏற்றி ராத்திரி இறக்குகிற நீரேற்றுத் திட்டங்களில் கோதையாறு பெயரும் அடிபடுகிறது. ஏற்றி இறக்க ஒரு அளவு தண்ணீர் எப்போதும் இருந்தாக வேண்டும், அந்த அளவைப் பாசனக் கணக்கில் கழிப்பார்களா மாட்டார்களா என்பதை இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

பழைய பெருசு:
தம்பி சொல்வது சரி, ஆனால் கரண்டுக்காரர்கள் கேட்காமலா இருந்தார்கள்? கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு முதலில் போட்ட திட்டமே பேச்சிப்பாறையிலிருந்து நல்ல தண்ணீரைக் கொண்டுபோவதுதான். 1988ல் சோவியத் ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்ட காலம். அடுத்த வருஷம் மே 1ல் கன்னியாகுமரியில் மீனவர்கள் நடத்திய பேரணியில் துப்பாக்கிச் சூடே நடந்தது. நம் விவசாயிகளும் விடவில்லை. இன்றைக்குக் கடல் தண்ணீரை நன்னீராக்கித்தான் அங்கே எடுக்கிறார்கள். அன்று சும்மா இருந்திருந்தால் நீ இந்தக் கேள்வியைக் கேட்கவே வயல் இருந்திருக்காது.

ராதாபுரம் பையன்:
ராதாபுரம் என்றதும் எல்லாருக்கும் கோபம் வருது பாருங்க! 52 குளம், 17,000 ஏக்கர் என்று ஆர்டரில் இருக்கும். தோவாளை சானலைத் தாண்டி வருவதற்குள் எத்தனை குளம் நிறையும் என்று ஒரு தடவை வந்து பாருங்கள் அண்ணாச்சி. நீங்கள் டவுனைப் பார்த்துப் பேசுகிற அதே பேச்சை நாங்கள் உங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

விளவங்கோடு ஏலா:
பங்கு எது என்று கேட்கிற ஆளுக்கு எங்கள் கதையைச் சொல்கிறேன். நெய்யாறு இடதுகரைச் சானலில் எங்கள் தாலுகாவுக்கு 9,200 ஏக்கர் பாசனம், எல்லாம் எழுத்தில் இருந்தது. 2004ல் கேரளா அடைத்தது, 2012ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது, எங்கள் ஏலாவில் (வயல்வெளியில்) இப்போது வாழையும் ரப்பரும் நிற்கிறது. சானலுக்குள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பங்கு காகிதத்தில் இருந்து என்ன பிரயோஜனம் மக்கா, ஷட்டர் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று பார்.

வடசேரி வாடகை வீடு:
டவுனைத் திட்டுகிறவர்களுக்கு ஒன்று. 25 அடி முக்கடல் அணையை நம்பித்தான் நாகர்கோவில் இத்தனை வருஷம் குடித்தது. 2019ல் மாநகராட்சி ஆனது, அணை பெரிசாகவில்லையே. கோடையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால்தான் புத்தன் அணையிலிருந்து குழாய் போட்டார்கள். குடிநீரை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டால் நியாயமில்லை, குளத்தையெல்லாம் மூடி வீடு கட்டிவிட்டு மலையிலிருந்து குழாய் போடுவது என்ன திட்டம் என்று கேளுங்கள், நானும் கூட வருகிறேன்.

பழைய லஸ்கர்:
லஸ்கராக, ஷட்டரைத் திறந்து அடைக்கிற வேலையில், சானலில் 20 வருஷம் நடந்தவன் சொல்கிறேன். கோதையாறு, பட்டணங்கால் பாசனமெல்லாம் சேர்த்து 79,000 ஏக்கர் என்பது ஜூன் 1 அணை திறக்கும்போது பேப்பரில் வருகிற கணக்கு. அதில் எவ்வளவு இன்று வயல், எவ்வளவு தென்னை, எவ்வளவு வீடு என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. வயல் குறைந்தால் மிச்சத் தண்ணீர் கடைவரம்புக்கு வரணும்தானே? வராது. பார்வதிபுரம் தாண்டினதும் சானல் சாக்கடை ஆகிவிடும், பாலத்துக்குக் கீழே மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்து நிற்கும், பாதித் தண்ணீர் அங்கேயே கரை வழிந்து பழையாற்றில் இறங்கி மணக்குடிக் கடலுக்குப் போய்விடும். இது போதாதென்று தலைமடையில் ராத்திரி ஷட்டரைத் தூக்கிக் கல் வைப்பார்கள். யார் என்று எனக்கும் தெரியும், சொல்ல மாட்டேன்.

கூட்டத்தில் பங்கு, உரிமை என்று பேசாதே. முறை வைத்துத் தண்ணீர் விடச் சொல், தலைமடைக்கு இத்தனை நாள், கடைமடைக்கு இத்தனை நாள் என்று. தூர்வாரும் வேலையைத் திறப்புக்கு முன்னாடி முடிக்கச் சொல், தண்ணீர் ஓடும்போது ஜேசிபியை இறக்கிப் போட்டோ எடுக்கிறது வேண்டாம்.

கடைவரம்பு:
ஞாயிற்றுக்கிழமை பார்வதிபுரத்திலிருந்து என் வயல் வரைக்கும் கரையிலேயே நடந்து வந்தேன். சானலுக்குள் நீட்டியிருக்கிற வீட்டுக் குழாய்களை எண்ண ஆரம்பித்து 40க்கு மேல் விட்டுவிட்டேன். ஒரு பாலத்துக்கடியில் மெத்தை கிடக்கிறது, முழு மெத்தை. எல்லாம் போட்டோ எடுத்திருக்கிறேன். ராதாபுரம் தம்பி, கோபம் வேண்டாம், நான் பேசியது தப்புதான். லஸ்கர் அண்ணாச்சி, எந்த மடைக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று முறை எழுதுகிற நோட்டை யாரிடம் கேட்கணும்?

பழைய லஸ்கர்:
நோட்டு தர மாட்டார்கள், காட்டச் சொல், உன் போனில் எடுத்துக்கொள். அதற்கு முன்னால் சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு மேல் தலைமடைப் பக்கம் ஒரு நடை போவோம். டார்ச் கொண்டு வா. செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள், பாம்பு கிடக்கும்.