சைன் வைக்காதே தம்பி

குழு: விசுவமடு வீடு

தயா, காலை 6:10
பிள்ளையை வார்ட்டில் மறித்துவிட்டார்கள். இரத்தத்தில் கிருமி இருக்கலாமாம். முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கச் சைன் கேட்கிறார்கள்.

பெரியம்மா, 6:12
வைக்காதே தம்பி! முதுகில் குத்தினால் பிள்ளை நடக்காது. பிறந்து 31 கழிந்து ஐந்து நாள்தான் ஆகிறது.

சின்ன மாமா, 6:15
வெட்டு மிசின் பனி காயட்டும் என்று வயலில் நிற்கிறது. காய்ச்சல் 38 தானே? பெடியனுக்குத் தந்த அன்டிபயோட்டிக் பாணி மிச்சம் இருக்கிறது, கொண்டு வரவா?

சுகி அக்கா, 6:21
மாமா, அதை முதலில் வெளியே ஊற்றுங்கோ. 3 மாதம் ஆகாத பிள்ளைக்கு 38 சின்னக் காய்ச்சல் இல்லை. சிலதுக்கு உடம்பு சுடாமல் குளிர்ந்தே போகும். தயா, பால் குடித்தாளா?

தயா, 6:23
இரவிலிருந்து இல்லை. அழுகையும் இல்லை, முனகல்தான்.

சுகி அக்கா, 6:29
அதுதான் அவசரப்படுகிறார்கள். இரத்தத்தில் ஏறிய கிருமி இந்த வயதில் மூளையைச் சுற்றியுள்ள நீருக்கும் போகலாம். போயிருந்தால் மருந்தின் அளவும் நாளும் மாறும். முதுகெலும்புக்குள் ஓடுகிற முண்ணாண் நரம்பு முடிகிற இடத்துக்குக் கீழேதான் குத்துவார்கள் பெரியம்மா. பிள்ளையை முடமாக்கக்கூடியது மூளைக்காய்ச்சல், பழியைச் சுமக்கிறது ஊசி.

பெரியம்மா, 6:33
குரல் பதிவு 1:47

சுகி அக்கா, 6:36
கேட்டேன். அழாதீங்கோ.

தயா, 7:05
சைன் வைத்துவிட்டேன். கையில் இரத்தம் எடுத்து ஒரு போத்தலில் விட்டார்கள், முதுகு நீரும் எடுத்தார்கள். அப்புறம்தான் மருந்து ஏற்றினார்கள்.

சுகி அக்கா, 7:08
போத்தலில் விட்டது கல்ச்சருக்கு, கிருமியை வளர்த்துப் பார்க்க. மாமாவின் பாணி உள்ளே போயிருந்தால் அதில் ஒன்றும் வளராமல், எந்தக் கிருமி என்றே தெரியாமல் போயிருக்கலாம். அநேகமாக 2 நாளுக்குள் தெரிந்துவிடும்.

சின்ன மாமா, 7:20
ஊற்றியாச்சு.

மறுநாள்

தயா, மாலை 4:40
காய்ச்சல் விட்டுவிட்டது. பால் குடிக்கிறாள்!

பெரியம்மா, 4:41
முருகா! அப்ப இன்றைக்கு வீட்டுக்கு வரத் துண்டு வெட்டுவார்களா?

சுகி அக்கா, 4:50
காய்ச்சல் விட்டதை நம்பி வந்துவிட வேண்டாம். கல்ச்சர் வரட்டும்.

அடுத்த நாள்

தயா, காலை 11:15
ஈ.கோலை கிருமியாம். சிறுநீர்த் தொற்றிலிருந்து இரத்தத்துக்கு ஏறியிருக்கலாம் என்றார் டொக்டர். முதுகு நீரில் ஒன்றும் இல்லை. கிருமி எதற்கு அடங்கும் என்று பார்த்து மருந்தை மாற்றியிருக்கிறார்கள். இன்னும் சில நாள் நிற்க வேண்டும்.

பெரியம்மா, 11:18
தாய்க்காரிக்குச் சரக்குக்கறி வைத்திருக்கிறேன். கிளிநொச்சி ஆஸ்பத்திரிப் பக்கம் யார் போகிறீர்கள்?

சின்ன மாமா, 11:26
மிசின் போய்விட்டது. நான் வாறன்.