கிணற்றடி மதிலும் படைப்பின் ஒழுங்கும்

தாரணி (மாலை 6.40): பெரியப்பா, குடும்பமும் உழைப்பும் அரசும் மனிதர் கூடிப் பேசி உண்டாக்கியவை அல்ல, படைப்பிலேயே வேரூன்றியவை என்று போதகர் ஐயா இன்று பிரசங்கித்தார். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஒருவர் சாதியையும் அதே 'படைப்பின் ஒழுங்கு' என்ற சொல்லால் நியாயப்படுத்தினார். எனக்கு மறுமொழி வரவில்லை.

பெரியப்பா (6.58): பிள்ளை, அந்தச் சொல் எவ்வளவு தூரம் கெட்டுப்போகும் என்பதை 1934 இன் ஜெர்மனியில் பார்க்கலாம். அன்ஸ்பாக்கில் அறிக்கை வெளியிட்ட லுத்தரன் இறையியலாளர்கள், குடும்பத்தோடு இனத்தையும் கடவுள் நம்மைப் பிணைத்த இயற்கை ஒழுங்காக எழுதி, ஹிட்லருக்காக நன்றியும் செலுத்தினார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் ஜெர்மனியின் பார்மன் நகரில் கூடிய சபையார், கிறிஸ்துவுக்குப் பக்கத்தில் வேறொரு வெளிப்பாட்டை வைக்க முடியாதென்று அறிவித்திருந்தார்கள்.

சின்னம்மா (7.05): அப்படியென்றால் அந்தச் சொல்லையே விட்டுவிடலாமே, அத்தான்? எங்கள் வீட்டிலும் அதுதானே நடந்தது. வேலிக்கு வெளியே கையேந்தி நின்றவர்களுக்கு அம்மா செம்பு படாதபடி உயரத்திலிருந்து தண்ணீர் வார்ப்பார். பாதி மண்ணில்தான் விழும். அன்றிரவே ஜெபத்தில் ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தை வாசிப்பார்.

பெரியப்பா (7.21): மாமி வாசித்த அந்த அதிகாரமே அவருக்கு எதிராக நிற்கிறது என்பதால்தான் சொல்லை விடக்கூடாது என்கிறேன். மீன்களையும் பறவைகளையும் மிருகங்களையும் ஆளும்படி சொல்லப்பட்டதே ஒழிய, மனிதனை மனிதன் ஆளும்படி அங்கே சொல்லப்படவில்லை. 'கடவுளின் நகரம்' நூலின் 19 ஆவது புத்தகத்தில் திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் இதைக் காட்டி, அடிமைத்தனம் படைப்பிலிருந்து அல்ல, பாவத்திலிருந்து வந்தது என்கிறார். (அதை ஒழிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.) நெடுங்காலமாக இருப்பது வேறு, ஆதியில் வைக்கப்பட்டது வேறு. ஆதியில் வைக்கப்பட்ட ஒன்று இல்லையென்றால், ஊர் வழமை பிழை என்று எதை வைத்துச் சொல்வது?

தாரணி (7.30): ஆனால் நாம் மதில் கட்டவிருக்கும் கிணற்றடி குடும்பத்தின் சொத்து. சாதியின் பேரில் ஒருவரை விலக்குவதைக் குற்றமாக்கிய, இலங்கையின் 1957 சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தைப் படிக்கும்போதெல்லாம், அரசு வீட்டு வளவுக்குள் எவ்வளவு தூரம் வரலாம் என்ற கேள்வி எழுகிறது.

பெரியப்பா (7.44): டச்சு இறையியலாளர் ஆபிரகாம் கைப்பரின் கேள்வியும் அதுதான். 1880 இல் ஆம்ஸ்டர்டாமில் சுயாதீனப் பல்கலைக்கழகத்தைத் திறந்துவைத்துப் பேசியபோது, குடும்பம், கல்வி, தொழில் ஒவ்வொன்றுக்கும் அரசு கொடுக்காத சொந்த அதிகாரம் உண்டு என்றார். பின்னர் 1901 முதல் 1905 வரை அவரே நெதர்லாந்தின் பிரதமராக இருந்தார். 1898 இல் பிரின்ஸ்டனில் ஆற்றிய விரிவுரைகளில், குடும்பம், தொழில் போன்ற ஒரு வட்டத்துக்குள் பலவீனர் நசுக்கப்பட்டால் அரசு தலையிட வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். அவருடைய சிந்தனையையே தென்னாபிரிக்காவில் நிறவெறிக்குத் துணையாக்கினார்கள் என்பதையும், அதே சீர்திருத்த சபை மரபிலிருந்து எழுந்தவர்கள் 1982 இல் பெல்ஹார் அறிக்கையை எழுதி அதை மறுத்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

சின்னம்மா (7.52): நம்முடைய யாழ்ப்பாணத்தில் 1924 இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ் தீண்டாமையை எதிர்த்தபோது, எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைப் பொடியன்களின் வேலை என்றார்களாம். அது கிடக்கட்டும், நாளை மேசன் வருகிறார். வேலி இருந்த இடத்தில் மதில் எழுந்துவிட்டால், ஒழுங்கைக்கு அப்பால் இருப்பவர்கள் கோடையில் எப்படித் தண்ணீர் அள்ளுவார்கள்? வாசல் விடச் சொல்லட்டுமா? இரண்டு அடி போதுமா?

பெரியப்பா (7.55): போதாது. இரண்டு கையிலும் வாளியோடு வருபவர் நேராக நடந்து வரவேண்டும். மூன்று அடி விடச் சொல்லுங்கள். பூட்டுக் கொளுக்கி வைக்க வேண்டாம்.